கண் பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நடுவில் மூளையில் என்ன நடந்தது?

மெய்ப்பு எழுதியது:

வணக்கம். பதினெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. பிரித்தால் ஐந்தாம் பக்கத்தின் உச்சியில், கட்டைவிரல் நகம் அளவு எழுத்தில் 'முன்னுறை' என்று நிற்கிறது. 'முன்னுரை' என்று இருக்க வேண்டியது. உறை என்றும் ஒரு சொல் இருப்பதால் கணினியும் அடிக்கோடு போடவில்லை போலிருக்கிறது. அதை விடுங்கள், நான் எப்படி விட்டேன் என்பதுதான் என் கவலை.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறேன். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தாளில், தலைப்புக்கு இரண்டு வரி கீழே விடுபட்டிருந்த ஒரு ஒற்றைக் கண்டுபிடித்து சிவப்பு மையில் 'க்' போட்டிருக்கிறேன். அது மட்டுமல்ல, தலைப்புக்கும் முதல் வரிக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று ஓரத்தில் எழுதி, தலைப்பின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். அம்பு தொடங்கும் இடம் சரியாக 'றை'க்குக் கீழே. தலைப்பைப் பார்க்காமல் அந்த அம்பைப் போட்டிருக்கவே முடியாது.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நாலு நாளாக அந்த அம்பு கண்ணிலேயே நிற்கிறது. என் கேள்வி இதுதான்: அந்த 'றை' என் மூளைக்குப் போனதா, இல்லையா? போயிருந்தால் எங்கே தொலைந்தது? 'கவனம் போதவில்லை' என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். கவனமாகத்தான் இருந்தேன், சிவப்பு மை சாட்சி. கவனம் என்பது மூளையில் என்ன, 'பார்த்தேன்' என்ற உணர்வு மூளையில் என்ன, இரண்டும் ஒன்றா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். நிதானமாகப் படித்துக்கொள்கிறேன். சமாதானம் சொல்ல வேண்டாம்.


பத்து_ஹெர்ட்ஸ் எழுதியது:

ஒன்பது வருடமாக ஒரு ஆய்வுக்கூடத்தில் ஈஈஜி எடுக்கிறேன். ஆட்களை உட்கார வைத்துத் தலையில் தொப்பி மாட்டி, 64 மின்முனைகளுக்கும் ஒவ்வொன்றாக ஜெல் வைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது என் வேலை. உங்கள் கேள்வி நான் தினமும் திரையில் பார்க்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரடிப் பதில்: 'றை' மூளைக்குப் போயிருக்கும். எழுத்து பெரியது, மை தெளிவு, கண் அதன்மேல் இருந்திருக்கிறது. விழித்திரையிலிருந்து தலையின் பின்பக்கத்தில் இருக்கும் முதன்மைப் பார்வைப் புறணிக்கு அது போய்ச் சேர பத்தில் ஒரு நொடிகூட ஆகாது. தொலைந்தது அதற்கு அப்புறம்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நாங்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று இப்படி. திரையில் மிக மங்கலான கோடுகள் கொண்ட ஒரு சின்ன வட்டம் கண நேரம் தோன்றி மறையும். எவ்வளவு மங்கல் என்றால், பாதி தடவை தெரியும், பாதி தடவை தெரியாது. அந்த அளவை ஒவ்வொருவருக்கும் தனியாகத் தேடிப் பிடிப்பதற்கே முதல் அரை மணி நேரம் போய்விடும். பிறகு அதே வட்டத்தை, அதே வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான தடவை காட்டுவோம். ஒவ்வொரு தடவையும் 'பார்த்தேன்' அல்லது 'பார்க்கவில்லை' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் எதுவும் மாறவில்லை. மாறியது அந்த ஆளுக்கு உள்ளே மட்டும்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தச் சோதனை இன்னும் சலிக்கவில்லை.

ஒரு தடவைக் காட்டலில் வரும் அலையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கண் சிமிட்டலும் தாடை இறுக்கமும் அதை மூழ்கடித்துவிடும். அதனால் 'பார்த்தேன்' தடவைகளை ஒரு குவியலாகவும் 'பார்க்கவில்லை' தடவைகளை இன்னொரு குவியலாகவும் சேர்த்துச் சராசரி எடுப்போம். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், முதல் 100 மில்லிநொடி வாக்கில் பெரிய வித்தியாசம் இருக்காது. சுமார் 200 மில்லிநொடியில் தலையின் பின்பக்க மின்முனைகளில் கோடுகள் பிரியத் தொடங்கும், 'பார்த்தேன்' கோடு எதிர்மறைப் பக்கம் இறங்கும். 300 மில்லிநொடிக்கு அப்புறம் உச்சந்தலைப் பக்கம் பெரிய நேர்மறை அலை ஒன்று எழும். 'பார்க்கவில்லை' குவியலில் அந்த அலை கிட்டத்தட்டப் படுத்துவிடும்.

ஒருமுறை ஒருவர் சோதனை முடிந்து தொப்பியைக் கழற்றும்போது, "பாதி நேரம் நீங்கள் வெறும் திரையைத்தான் காட்டினீர்கள், என்னைச் சோதித்தீர்கள், இல்லையா?" என்று கேட்டார். வெறும் திரை காட்டியது பத்தில் ஒரு தடவைதான். சராசரி எடுத்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் 'இல்லை' என்று அழுத்திய தடவைகளின் கோட்டில், பின்பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. வெறும் திரைக் கோட்டில் அது இல்லை. ரொம்ப நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என் தலையிலிருந்து வந்ததா?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் கதைக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. பிட்ஸ், மார்ட்டினெஸ், ஹில்யார்ட் மூவரும் 2012-ல் வெளியிட்டது. திரையின் நடுவில் சின்னச் சின்னக் கோடுகள் தாறுமாறாகக் கிடக்கும். அவ்வப்போது அவை ஒழுங்காகச் சேர்ந்து ஒரு சதுரம் ஆகும். ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுத்த வேலை வேறு, சுற்றியுள்ள வளையத்தில் ஏதாவது மங்குகிறதா என்று பார்ப்பது. முதல் சுற்று முடிந்து கேட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் சதுரம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள், அத்தனை தடவை கண்முன்னால் வந்தும். அவர்களுடைய அலைகளில் என்ன இருந்தது தெரியுமா? கோடுகள் சதுரமாகச் சேர்ந்ததற்கான அலை அவர்களிடமும் வந்திருந்தது. மூளை சதுரத்தைக் கட்டி முடித்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை. அதற்குச் சற்றுப் பின்னால் வரும் இன்னொரு எதிர்மறை அலை, சதுரத்தை உணர்ந்தவர்களிடம் மட்டும் இருந்தது.

இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் சதுரம் தெரிந்தது, ஏனென்றால் நடுவில் கேள்வி கேட்டார்களே. ஆனால் வேலை இன்னும் வளையத்தைப் பார்ப்பதுதான். அப்போதும் நான் மேலே சொன்ன அந்தப் பெரிய நேர்மறை அலை வரவில்லை. சதுரத்தைப் பற்றிப் பதில் சொல்வதே வேலையாக ஆன மூன்றாம் சுற்றில்தான் வந்தது. ஆக, பல வருடம் 'உணர்வின் முத்திரை' என்று நாங்கள் நினைத்திருந்த அலையில் ஒரு பெரிய பங்கு, பார்த்ததை வைத்து ஏதாவது செய்ய வேண்டியிருப்பதன் முத்திரை. பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, அழுத்தத் தயாராகும் வேலையையும் சேர்த்து அளந்திருக்கிறோம். எனக்கு இது பெரிய பாடம்.

இனி கவனத்துக்கு வருகிறேன். உங்கள் தாளில் இருக்கும் அம்புக்கு இதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன். பார்வைப் பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பார்வைப் பரப்பில் தனக்கென்று ஒரு சின்ன வட்டம் உண்டு, அதற்குள் வருவதற்குத்தான் அது துடிக்கும். 1985-ல் மோரனும் டெசிமோனும் குரங்குகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே நரம்பணுவின் வட்டத்துக்குள் இரண்டு பொருளை வைத்து, ஒன்றை மட்டும் கவனிக்கப் பழக்கினார்கள். வி4 என்ற பகுதியின் நரம்பணுக்கள், கவனித்த பொருள் மட்டுமே அங்கே இருப்பதுபோலத் துடித்தன. மற்றதும் அதே இடத்தில்தான் இருந்தது, கண்ணும் அசையவில்லை. கவனம் என்பது டார்ச் அடிப்பதுபோல் ஓர் இடத்தை ஒட்டுமொத்தமாக வெளிச்சமாக்குவது மட்டும் அல்ல, ஒரே இடத்துக்குள்ளேயே ஒன்றுக்கு வழிவிட்டு இன்னொன்றை அடக்குவதும்தான். நீங்கள் அந்த நேரம் இடைவெளியை அளந்துகொண்டிருந்தீர்கள். எழுத்து அப்போது உங்களுக்கு எழுத்தாக இல்லை, இடைவெளியின் மேல் விளிம்பாக இருந்திருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்வி, இரண்டும் ஒன்றா? இல்லை என்பதுதான் என் எண்ணம். 2011-ல் வதனபே குழு, மூளையின் ரத்த ஓட்டத்தை வைத்து எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் இதைப் பிரித்துப் பார்த்தது. ஒரு கண்ணுக்குக் காட்டும் உருவத்தை, மறு கண்ணுக்குப் பளிச்சென்று மாறும் வடிவங்களைக் காட்டி மறைக்கலாம். உருவம் தெரிகிறதா இல்லையா என்பது ஒரு பக்கம், அதன்மேல் கவனம் இருக்கிறதா இல்லையா என்பது இன்னொரு பக்கம், இரண்டையும் தனித்தனியாக மாற்றினார்கள். முதன்மைப் பார்வைப் புறணியின் செயல்பாடு கவனத்துக்கு ஏற்ப நன்றாக ஏறி இறங்கியது. தெரிவதா தெரியாததா என்பதற்கு அது அசைந்துகொடுக்கவே இல்லை என்று சொல்லலாம்.


கடிகாரம் எழுதியது:

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்கட்டால் பக்கவாதம் வந்தது. கை கால் மெல்ல மெல்லத் தேறின. ஆனால் இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போனது. கண்ணில் குறை இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள். தலை வாரினால் வலப்பக்கம் மட்டும் வாருவார். நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். செய்தித்தாள் தலைப்பில் 'கடிகாரம்' என்று இருந்ததை 'காரம்' என்று வாசித்தார், 'பெருமழை'யை 'மழை' என்று. பாதியை விட்டுவிட்டோம் என்ற சந்தேகமே அவர் முகத்தில் வராது. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு சோதனை காட்டினார். இடப்பக்கம் மட்டும் விரலை அசைத்தால் அம்மா "அசைகிறது" என்பார். வலப்பக்கம் மட்டும் அசைத்தாலும் சொல்வார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசைத்தால், "வலது மட்டும்" என்பார். ஒரு நிமிடம் முன்னால் தெரிந்த அதே இடது விரல், போட்டிக்கு ஒன்று வந்ததும் காணாமல் போய்விடும். பத்து_ஹெர்ட்ஸ் எழுதிய குரங்குச் சோதனையைப் படித்ததும் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் நானே தேடித்தேடிப் படித்தேன். 1988-ல் மார்ஷல், ஹாலிகன் என்ற இருவர் இதே நிலையில் இருந்த ஒரு பெண்மணிக்கு இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பற்றி எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரிதான் என்றார் அவர். எதில் குடியிருப்பீர்கள் என்று கேட்டால் இது என்ன கேள்வி என்றாராம், ஆனால் பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். இதைப் படித்த இரவு அம்மாவின் இடப்பக்கம் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. ஆனால் போய்ச் சேர்கிறது என்று நம்ப எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

மெய்ப்பு, 'றை' உங்களுக்குள் போயிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.


ஓரக்கண் எழுதியது:

பத்து_ஹெர்ட்ஸ் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கவனம் வேறு, உணர்வு வேறு என்று அவ்வளவு சுலபமாக வெட்டிவிட முடியாது.

கவனம் இல்லாவிட்டால் உணர்வும் இல்லை என்பதற்குச் சான்று குவிந்து கிடக்கிறது. 1999-ல் சைமன்ஸ், சாப்ரி செய்த பந்துச் சோதனை எல்லோருக்கும் தெரியும். பந்து எத்தனை கை மாறுகிறது என்று எண்ணச் சொன்னால், நடுவில் கொரில்லா வேடம் போட்டு ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போவதைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை. 2013-ல் நுரையீரல் சிடி ஸ்கேன் பார்க்கும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் ஸ்கேனுக்குள்ளேயே ஒரு கொரில்லா படத்தைச் செருகிக் கொடுத்தார்கள். அவர்கள் தேடிய முடிச்சுகளைவிட அது 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. விழியசைவைப் பதிவு செய்து பார்த்ததில், தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் கண் நேராக அதன்மேலேயே போயிருந்தது. மெய்ப்பு, இது உங்கள் அம்புக்குறி அப்படியே. நீங்கள் பதினெட்டு வருடம், அவர்களும் அப்படித்தான், அனுபவம் மிக்கவர்கள்.

கவனம் வாசல், உணர்வு வீடு. வாசல் வழியாக வராமல் வீட்டுக்குள் வந்த ஒரு பொருளைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. மெய்ப்பின் விஷயத்தில் கவனத்தோடு எதிர்பார்ப்பும் சேர்ந்திருக்கிறது. 'முன்னு' வரை வந்ததும் அந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று மூளைக்குத் தெரியும். அது 'ரை'யை முன்கூட்டியே எழுதி வைத்துவிடும். புதிய சொல்லாக இருந்திருந்தால் பிடித்திருப்பீர்கள்.


பத்து_ஹெர்ட்ஸ் எழுதியது:

ஓரக்கண், எதிர்பார்ப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். மேலே போகும் பாதைக்கு இணையாக, மேலிருந்து கீழே வரும் பாதைகளும் பார்வைப் பகுதியில் ஏராளம். முதல் அலை பின்னாலிருந்து முன்னால் ஓடி முடிவதற்குள்ளேயே முன்னால் இருப்பவை பின்னால் பேசத் தொடங்கிவிடும். நரம்பியல் ஆய்வாளர் லாம்மே போன்றவர்கள் இந்தத் திரும்பி வரும் பேச்சில்தான் உணர்வே பிறக்கிறது என்கிறார்கள்.

வாசலைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்பதற்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். வாசல் திறந்தும் வீட்டுக்குள் வராதது உண்டு. முதன்மைப் பார்வைப் புறணியின் ஒரு பக்கம் சிதைந்து, பார்வையில் பாதி இருண்டுபோன ஒருவர், ஆய்வுகளில் ஜி.ஒய் என்று குறிக்கப்படுபவர். 1999-ல் கென்ட்ரிட்ஜ், ஹேவுட், வைஸ்க்ராண்ட்ஸ் மூவரும் அவருடைய குருட்டுப் பாதியில் ஒரு குறியைக் காட்டி, பிறகு அங்கேயே இலக்கைக் காட்டினார்கள். குறி காட்டிய இடத்தில் இலக்கு வந்தால் அவருடைய பதில் வேகமாக வந்தது. கவனம் அங்கே போயிருக்கிறது, வேலையும் செய்திருக்கிறது, ஆனால் பார்த்த உணர்வு இல்லை. கவனம் மட்டும் போதாது என்பதற்கு இது போதும் எனக்கு. கவனமே இல்லாமல் உணர்வு வருமா என்பது இன்னும் சண்டைதான், அதில் நீங்கள் சொல்வதை நான் தள்ளவில்லை.

மூளையில் உணர்வு எங்கே என்பதும் அதே மாதிரி சண்டை. மூளையின் முன்பக்கம் வரை செய்தி பரவி மொத்த மூளைக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்பது ஒரு கட்சி, பின்பக்கமே போதும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எது வந்தால் யார் தோற்றார்கள் என்று முன்பே எழுதி வைத்துச் செய்த பெரிய சோதனை 2025-ல் நேச்சர் இதழில் வந்தது. 256 பேர், மூன்று விதமான அளவீட்டு முறைகள். பின்பக்கக் கட்சி சொன்னபடி அங்கே நீடித்த ஒத்திசைவு கிடைக்கவில்லை. முன்பக்கக் கட்சி சொன்னபடி உருவம் மறையும் நேரத்தில் மூளையின் முன்பக்கம் மறுபடி பற்றிக்கொள்ளவும் இல்லை. இந்தத் துறையில் இப்படிப் பகிரங்கமாகத் தங்கள் கொள்கையைப் பணயம் வைத்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மெய்ப்பு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர்க்காரணமும் அதுதான். தொப்பி மாட்டியதும் முதலில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வேன். மூடிய ஒன்றிரண்டு நொடியில் பின்பக்க மின்முனைகளில் நொடிக்குப் பத்துத் தடவை அளவில் அழகான அலை எழும். ஹான்ஸ் பெர்கர் 1929-ல் எழுதிய ஆல்ஃபா அலை. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பார்வையை நகர்த்தாமல், கவனத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பச் சொன்னாலும் இது அசையும். இடப்பக்கத்தைக் கையாளும் வலது அரைக்கோளத்தில் அலை குறையும், மறுபக்கத்தில் ஏறும். எதுவும் தோன்றுவதற்கு முன்பே, கவனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் திரையில் தெரியும். பொருள் வருவதற்கு முந்தைய கணத்தில் ஆல்ஃபா தாழ்ந்திருந்தால் 'பார்த்தேன்' என்று சொல்வதும் கூடுகிறது. உண்மையிலேயே நன்றாகத் தெரிகிறதா, அல்லது தெரிந்ததாகச் சொல்லும் தயக்கம் குறைகிறதா என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது எங்கள் கூடத்தில் நடக்கும் வேலை.

நீங்கள் தாளைப் புரட்டிய அந்த நேரத்தில் உங்கள் மூளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை.


மெய்ப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூன்று தடவை படித்தேன். கடிகாரம், உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

சதுரச் சோதனையைப் படித்ததும் நானும் ஒன்று செய்து பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் தனியாக அச்செடுத்து, உடன் வேலை பார்க்கும் ஆறு பேரிடம் கொடுத்து, ஒற்றுப் பிழை எத்தனை என்று எண்ணச் சொன்னேன். ஆறு பேரும் அனுபவசாலிகள். முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "தலைப்பு என்ன?" என்று கேட்டேன். ஆறு பேரும் தயங்காமல் "முன்னுரை" என்றார்கள். "எப்படி எழுதியிருந்தது?" என்றதும் இரண்டு பேர் நெற்றியைச் சுருக்கினார்கள். ஒருவர் மட்டும், "ஏதோ இடறியது, என்னவென்று தெரியவில்லை" என்றார். எனக்கும் அப்படி ஏதாவது இடறியதா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

இப்போது வேலைமுறையை மாற்றியிருக்கிறேன். தலைப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று. ஒரு கெட்டி அட்டையில் ஒரு எழுத்து அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, வலப்பக்கக் கடைசி எழுத்திலிருந்து இடப்பக்கமாக நகர்த்துகிறேன். ஓரக்கண் சொன்ன எதிர்பார்ப்பு, பின்னாலிருந்து வந்தால் ஓடி வந்து முந்திக்கொள்ள முடியாது. இடைவெளி, எழுத்தளவு எல்லாம் வேறு ஒரு சுற்றில்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த ஆறு பேருக்கும் பிறகு பிழையைக் காட்டினேன். ஒரே நேரத்தில் ஆறு தலையும் குனிந்தன. அதற்கப்புறம் யாராலும் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க முடியவில்லை. எனக்கும் அதேதான். மூன்றாவது தாளை மறுபடி எடுத்தேன். அதே தாள், அதே சிவப்பு மை, அதே அம்பு. பக்கத்தைத் திருப்பியதும் 'றை'தான் முதலில் தெரிகிறது.